பழைய கம்ப்யூட்டரில் புதிய கேம்: சிறிய பட்ஜெட்டில் மேம்படுத்தும் வழி

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய கம்ப்யூட்டரில் கேம் ஆடுவதற்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கும் அளவுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. எந்த உறுப்பு வேகத்தைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும்போது ஒரு கேள்வியை மறக்கக் கூடாது: நாளை இந்தக் கம்ப்யூட்டரைக் கைவிட நேர்ந்தால், இன்று வாங்கும் உறுப்பு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகுமா? போகும் என்றால் தாராளமாகச் செலவிடலாம். போகாது என்றால் கையை இறுக்கிக்கொள்ள வேண்டும். சிக்கனமான மேம்பாட்டின் அடிப்படை இந்த இரண்டும்தான்.

விருத்தாசலத்திலிருந்து அரியலூர் செல்லும் ரயில் பாதையில் உள்ள பெண்ணாடம் போன்ற ஊர்களில், மாணவர் கையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் பொதுவாக மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, பத்தாண்டுக்கு முன் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது. இரண்டாவது, நிறுவனங்கள் கழித்துக்கட்டி, பழைய பொருள் சந்தை வழியாக வந்த டெல், ஹெச்பி, லெனோவோ அலுவலகக் கம்ப்யூட்டர். மூன்றாவது, தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த லேப்டாப். மூன்றுக்கும் வழி ஒன்றல்ல.

தடை எங்கே இருக்கிறது?

கேம் ஓடும்போது நான்கு உறுப்புகள் சேர்ந்து உழைக்கின்றன. ஆட்டத்தின் கணக்குகளைப் பிராசசர் போடுகிறது. காட்சியை கிராபிக்ஸ் கார்டு வரைகிறது. அப்போதைக்குத் தேவையான தகவலை ராம் கையில் வைத்திருக்கிறது. மொத்த கேமும் ஹார்டு டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கிறது. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் வயலுக்குப் பாய்வது மடையின் அகலத்தைப் பொறுத்ததே. இங்கும் நான்கில் மெதுவான உறுப்பே மொத்த வேகத்தை முடிவு செய்கிறது. மற்ற மூன்றில் எதை மாற்றினாலும் செலவு வீண்.

தடையைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். கேமை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் 95 சதவீதத்துக்கு மேல் நின்று, பிராசசர் பாதியளவில் இருந்தால் தடை கிராபிக்ஸில். பிராசசர் 100-ஐத் தொட்டு, கிராபிக்ஸ் 60-இல் தொங்கினால் தடை பிராசசரில். மெமரி 90-ஐத் தாண்டி, டிஸ்க் 100-இல் ஒட்டிக்கொண்டால் ராம் போதவில்லை. இடமில்லாத தகவலை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறது. கேம் நடுவே ஓரிரு நொடி உறைந்து பிறகு ஓடுவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்.

பிராசசர்: தலைமுறையே எல்லை

இன்டெல் பிராசசரின் பெயரில் ஐ3, ஐ5, ஐ7 என்பதைவிட அடுத்து வரும் எண் முக்கியம். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை. இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள் எல்ஜிஏ 1155 என்ற சாக்கெட்டில் உட்காரும். நான்காம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1150. சாக்கெட் மாறினால் மதர்போர்டு மாற வேண்டும், அதோடு பிராசசரின் கூலரும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

ஜி31, ஜி41 மதர்போர்டில் கோர் 2 டுயோ உள்ள கம்ப்யூட்டருக்குப் பணம் போடாமல் இருப்பதே நல்லது. புதிய கேம்கள் பல, 2011-இல் இன்டெல் பிராசசரில் வந்த ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பை எதிர்பார்க்கின்றன. அது இல்லையென்றால் கேம் மெதுவாக ஓடும் என்பதல்ல, திறக்கவே திறக்காது. அந்தக் காலத்துப் பென்டியம், செலரான் பிராசசர்களில், 2011-க்குப் பின் வந்தவற்றிலும்கூட, ஏவிஎக்ஸ் கிடையாது. இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் 2003-இல் வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி, 2005-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸ், தமிழ்நாட்டில் இன்னும் ஆடப்படும் ஈஏ கிரிக்கெட் 07 ஆகியவை நன்றாகவே ஓடும். அதற்குச் செலவே தேவையில்லை.

நான்கு கோர் கொண்ட ஐ5 பிராசசர் இருந்தால் நிலைமை வேறு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, ஹெச்பி காம்பாக் எலைட் 8300 போன்ற 2012-ஆம் ஆண்டு அலுவலகக் கம்ப்யூட்டர்களில் சாதாரணமாகக் கிடைப்பது ஐ5-3470. 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5 கேமுக்கு ராக்ஸ்டார் நிறுவனம் பரிந்துரைத்த இன்டெல் பிராசசர் அதே ஐ5-3470தான். கணக்குப் பதிவுக்கும் டைப் அடிப்பதற்கும் பயன்பட்ட பெட்டியில் அந்தக் கேமின் பாதித் தேவை ஏற்கெனவே பூர்த்தியாகிவிட்டது. மீதி இருப்பது 8 ஜிபி ராமும் ஒரு கிராபிக்ஸ் கார்டும். 2023 செப்டம்பரில் வெளியான கவுன்டர் ஸ்ட்ரைக் 2 குறைந்தபட்சமாகக் கேட்பது, ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைச் செய்யும் ஐ5-750 அளவு பிராசசர், 8 ஜிபி ராம், 1 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 85 ஜிபி இடம். அதுவும் இந்தப் பெட்டிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஐ3-3220 இருப்பவர் அதே சாக்கெட்டில் ஐ5-3470 அல்லது எட்டு த்ரெட் கொண்ட ஐ7-3770 பொருத்தலாம். இரண்டாம் தலைமுறைக்காக வந்த மதர்போர்டு என்றால் முதலில் பயாஸ் அப்டேட் செய்ய வேண்டும். ஐ5-க்கு மேல் ஐ7 தேடிப் போவது அவசியமில்லை. பிராசசர் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகாத உறுப்பு.

ராம்: ஒன்றைவிட இரண்டு

4 ஜிபி ராமில் விண்டோஸ் 10 தனக்கே பாதியை எடுத்துக்கொள்ளும். இன்றைய கேமுக்கு 8 ஜிபி என்பது வாசல். 16 ஜிபி இருந்தால் வசதி. மூன்றாம், நான்காம் தலைமுறை டெஸ்க்டாப்புகள் டிடிஆர்3 ராமை ஏற்கும். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றிலும் அடிப்பகுதியின் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அழுத்திப் பொருத்த முயன்றால் ஸ்லாட் உடையும்.

ஒரே 8 ஜிபி துண்டைவிட இரண்டு 4 ஜிபி துண்டுகள் மேல். டிடிஆர்3-1600 ராம் ஒரு துண்டாக இருக்கும்போது நொடிக்கு 12.8 ஜிபி வரை தகவல் கடத்தும். இரண்டாக இருந்தால் இரண்டு பாதையிலும் சேர்ந்து 25.6 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதபோது பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இதே ராமைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் இரண்டாவது துண்டைச் சேர்த்ததுமே ஆட்டம் சீராவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். விலை மிகக் குறைவாகக் கிடைக்கும் சில 8 ஜிபி டிடிஆர்3 துண்டுகள் ஏஎம்டி மதர்போர்டில் மட்டும் வேலை செய்யும். இன்டெல் போர்டில் திரையே வராது. லேப்டாப்புக்கு வாங்கும்போது 1.35 வோல்ட் டிடிஆர்3எல் தேவையா, 1.5 வோல்ட் டிடிஆர்3 போதுமா என்பதை, உள்ளே இருக்கும் துண்டின் ஸ்டிக்கரைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

டிடிஆர்3 ராமும் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகாது. 2025 இறுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் உலகெங்கும் ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், கழற்றிய ராம் விற்பவரிடம் சோதித்து வாங்குவதே பட்ஜெட்டுக்கு ஏற்ற வழி.

எஸ்எஸ்டி: தயங்காமல் வாங்கக்கூடியது

பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும். சிதறிக்கிடக்கும் சிறு ஃபைல்களை எடுக்கும்போது வித்தியாசம் இன்னும் பல மடங்கு. அந்தக் காலத்து எச்61 மதர்போர்டில் சாட்டா 2 இணைப்பு மட்டுமே இருப்பதால் எஸ்எஸ்டியின் வேகம் நொடிக்கு 300 எம்பிக்குள் நின்றுவிடும். அப்படியும் ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட முடியாத வேகம்.

எஸ்எஸ்டி கேமின் ஃபிரேம் எண்ணிக்கையை உயர்த்தாது. கம்ப்யூட்டர் எழும் நேரம், கேம் திறக்கும் நேரம், ஒரு மேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரம் ஆகியவற்றைக் குறைக்கும். பெரிய உலகம் கொண்ட கேம்களில் இடையிடையே வரும் உறைதலையும் குறைக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸையும் ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு கேமையும் வைத்து, பழைய ஹார்டு டிஸ்க்கை மற்ற கேம்களுக்கு ஒதுக்குவது நல்ல ஏற்பாடு. சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி, சாட்டா இணைப்புள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டலாம் என்பதால் இது வீணாகாத செலவு.

கிராபிக்ஸ் கார்டு: 75 வாட் எல்லைக்குள்

ஐ5-3470-க்குள் இருக்கும் கிராபிக்ஸ் இன்டெல் எச்டி 2500. வேலரன்ட் கேம் குறைந்தபட்சமாகக் கேட்பது அதைவிட வலுவான எச்டி 4000. ஆக, இந்தப் பெட்டியில் மடை அடைபட்டிருப்பது கிராபிக்ஸில்தான். பட்ஜெட்டின் பெரும் பங்கு இங்கே போவது நியாயம்.

மதர்போர்டில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் வழியாக அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் கொடுக்கும். அதற்குமேல் தேவைப்படும் கார்டுகளுக்கு, உறுப்புகளுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக 6 பின் அல்லது 8 பின் வயர் வர வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டர்களில் அந்த வயர் இருப்பதில்லை. ஆகவே 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டே தேட வேண்டியது.

இந்த வரம்புக்குள் என்விடியாவின் நான்கு கார்டுகள் பெயர் பெற்றவை. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட் எடுக்கும். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி மெமரியுடன் 75 வாட்டில் நிற்கும். 2019-இன் ஜிடிஎக்ஸ் 1650-உம் 75 வாட், 4 ஜிபி. 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட். இவற்றிலும் சில நிறுவனங்களின் மாடல்களில் தனி வயர் கேட்கும் இணைப்பு உண்டு. படத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400-உம் 53 வாட்டுக்குள் இயங்கும். ஆனால் அது நான்கு பாதைகள் மட்டும் கொண்ட பிசிஐ 4.0 கார்டு என்பதால் பழைய மதர்போர்டில் முழு வேகம் காட்டாது.

டிரைவர் ஆதரவையும் கணக்கில் கொள்ள வேண்டும். 750 டிஐ, 1050 டிஐ ஆகியவற்றுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். பழைய கேம்களுக்கு அதனால் குறையில்லை. இனி வரும் கேம்களையும் ஆட நினைப்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து 1650 வாங்குவது நல்லது. ஜிடி 710, ஜிடி 730 ஆகியவை புதிதாகவே விற்கப்பட்டாலும் கேமுக்கு ஏற்றவை அல்ல. ஜிடி 1030 வாங்குபவர் ஜிடிடிஆர்5 வகையா என்று பார்க்க வேண்டும். அதே பெயரில் 2018-இல் வந்த டிடிஆர்4 வகை வெகுவாகப் பின்தங்கியது.

அளவு அடுத்த தடை. ஆப்டிபிளெக்ஸ் 7010 உயரமான டவராகவும், தட்டையான சிறிய பெட்டியாகவும் வந்தது. சிறிய பெட்டிக்குள் சாதாரணக் கார்டு நுழையாது. லோ புரொஃபைல் என்று சொல்லப்படும் பாதி உயரக் கார்டே வேண்டும். அந்த வகைக்கு எப்போதும் விலை அதிகம். கம்ப்யூட்டரையே புதிதாகத் தேடுபவர் டவர் வகையாகப் பார்த்து வாங்கினால் கார்டில் மிச்சம் பிடிக்கலாம். அதே 7010 என்ற எண்ணை டெல் 2023-இல் வேறொரு புதிய கம்ப்யூட்டருக்கும் வைத்திருப்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் பிராசசரைக் கேட்டறிய வேண்டும்.

மானிட்டரும் ஒத்துப்போக வேண்டும். பழைய மானிட்டர்களில் நீல நிற விஜிஏ முனை மட்டுமே இருக்கும். 1050 டிஐ முதலான கார்டுகளில் விஜிஏ வெளியீடு கிடையாது. அதற்கு எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். கார்டைப் பொருத்திய பிறகு மானிட்டர் கேபிளை மதர்போர்டின் முனையிலிருந்து கழற்றி, கார்டின் முனையில் செருக வேண்டும். பழைய முனையிலேயே விட்டுவிட்டால் புதுக் கார்டு சும்மா இருக்க, உள் கிராபிக்ஸிலேயே கேம் ஓடும். கார்டு மோசம் என்ற எண்ணமும் வந்துவிடும்.

போலிக் கார்டுகள்

பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது உலகெங்கும் நடக்கும் மோசடி. விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018-இல் இதைக் கண்டறியும் வசதியைச் சேர்த்தது. போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிடும். கார்டில் விஜிஏ முனை இருந்தும் அது 1050 டிஐ என்று சொல்லப்பட்டால் கண்ணால் பார்த்தே சந்தேகப்படலாம்.

கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக உழைத்த ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகளும் சந்தையில் நிறைய. 570-க்கு 150 வாட் வரை வேண்டும் என்பதால் தரமான எஸ்எம்பிஎஸ் உள்ள அசெம்பிள் கம்ப்யூட்டருக்கு மட்டுமே அவை பொருந்தும். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று விற்கப்படுவது உள்ளுக்குள் 570-ஏ என்பதால் 580-இன் விலை கொடுக்கத் தேவையில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸும் வீட்டு மின்சாரமும்

ஐ5-3470 அதிகபட்சமாக 77 வாட் அளவில் இயங்கும், கார்டு 75, மதர்போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்ந்து 40 என்று வைத்தாலும் 200 வாட்டுக்குள் முடிந்துவிடும். ஆப்டிபிளெக்ஸ் 7010 டவரின் எஸ்எம்பிஎஸ் 275 வாட் கொடுக்கும். ஆகவே அதை மாற்ற வேண்டியதில்லை. 2013-க்குப் பின் வந்த டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றில் வழக்கமான 24 பின் இணைப்புக்குப் பதிலாக அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணைப்பு இருப்பதால், கடையில் வாங்கும் எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. 75 வாட் கார்டைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

அசெம்பிள் கம்ப்யூட்டர்களில் நிலைமை தலைகீழ். 450 வாட் என்று அச்சிட்ட மலிவு எஸ்எம்பிஎஸ் உண்மையில் எவ்வளவு கொடுக்கும் என்பதை அதன் ஸ்டிக்கரிலேயே கணக்கிடலாம். 12 வோல்ட் வரிசையில் எழுதியிருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்க வேண்டும். 17 ஆம்பியர் என்றால் 204 வாட். பிராசசரும் கார்டும் நம்பியிருப்பது அந்த 204-ஐத்தான். கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் திடீரென அணைந்து எழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. 80 பிளஸ் சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ் பல ஆண்டுகள் உழைக்கும். அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூடவே போகும்.

வீட்டு வயரிங்கும் சேர்ந்ததே இந்தக் கணக்கு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழில்கூடங்களில் செய்யப்படும் ஃபியூஸ் கேரியர்கள் இன்னும் பல வீட்டு மெயின் போர்டுகளில் இருக்கின்றன. அவை அளவுக்கு மீறிய மின்னோட்டத்திலிருந்து வயரைக் காக்கும். வோல்டேஜ் ஏறி இறங்குவதிலிருந்து கம்ப்யூட்டரைக் காக்காது. அதற்கு யுபிஎஸ் வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும் என்பதால் இப்படி மேம்படுத்திய கம்ப்யூட்டருக்கு அதுவே போதும். எர்த் இணைப்பு சரியாக இல்லாத பிளக்கில் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். கார்டு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்ய வேண்டும்.

வெயிலும் தூசியும்

கடலூர் மாவட்டத்தின் உள்பகுதியில் அக்னி நட்சத்திர வெயில் 40 டிகிரியைத் தொடும். அறை சூடாக இருந்தால் பிராசசரும் அதற்கேற்பச் சூடாகும். 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இழுக்கத் தொடங்கினால் காரணம் இந்தச் சூடுதான். அதைத் தீர்க்கப் புதிய உறுப்பு எதுவும் வேண்டாம்.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்கிவிடும். ப்ளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். வேகமாகச் சுழலவிட்டால் அதன் பேரிங் கெடும். பிறகு ஹீட்சிங்க்கைக் கழற்றினால், பிராசசரின் மேல் பத்தாண்டுக்கு முன் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காக இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் பச்சைப் பயறு அளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஹீட்சிங்க்கை நேராக இறக்கி, எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அளவுக்கு மேல் வைத்தால் ஓரமாகப் பிதுங்கி வழியுமே தவிர குளிர்ச்சி அதிகமாகாது.

லேப்டாப்பில் என்ன முடியும்?

அரசு கொடுத்த முதல் கட்ட லேப்டாப்புகள் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் கொண்டு, விண்டோஸ் 7-உம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. இவற்றில் ராமையும் டிஸ்க்கையும் மாற்றலாம். கிராபிக்ஸ் போர்டோடு சேர்ந்தே இருப்பதால் மாற்ற முடியாது. ஆகவே லேப்டாப்பில் எஸ்எஸ்டி ஒன்றும் ராம் துண்டு ஒன்றும் போட்டு நிறுத்திக்கொள்வது நலம். அது படிப்புக்கும் பழைய கேம்களுக்கும் உதவும். புதிய 3டி கேமை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

விண்டோஸும் கேமும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராசசர்களைப் பெரும்பாலும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8-ஐக் கைவிட்டது.

இதற்கு மாற்றாக லினக்ஸ் இருக்கிறது. ஸ்டீம் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான் மூலம் விண்டோஸ் கேம்கள் பல லினக்ஸிலேயே ஓடுகின்றன. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்கு நேரடி லினக்ஸ் பதிப்பே உண்டு. ஆனால் வேலரன்ட் போன்றவை தங்கள் மோசடித் தடுப்பு மென்பொருளின் காரணமாக லினக்ஸில் ஓடுவதில்லை. எந்தக் கேம் முக்கியம் என்று முடிவு செய்த பிறகே எந்த ஓஎஸ் என்று முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டீமில் வாங்கிய கேம் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடவில்லையென்றால், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. திருட்டுப் பிரதிகளோடு வைரஸும் வரும். விண்டோஸ் திருத்தங்கள் நின்றுபோன கம்ப்யூட்டரில் அதன் ஆபத்து கூடுதல். டவுன்லோடு அளவையும் யோசிக்க வேண்டும். 85 ஜிபி கேம் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் இறங்கும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் மொபைல் டேட்டாவில் அதற்கு இரண்டு மாதம் ஆகும்.

செட்டிங்ஸ்: காசில்லாத மேம்பாடு

1920×1080 திரையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளைக் கார்டு வரைய வேண்டும். 1600×900 என்றால் 14.4 லட்சம், 1280×720 என்றால் 9.2 லட்சம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 16.7 மில்லி செகண்டில் முடித்தாக வேண்டும். ரெசல்யூஷனைக் குறைப்பது கார்டின் சுமையை நேரடியாகக் குறைக்கிறது. அதற்கு அடுத்தபடியாக நிழல், பிரதிபலிப்பு, ஆன்டி-அலையசிங் ஆகியவற்றைக் குறைக்கலாம். டெக்ஸ்சர் தரம் பெரும்பாலும் கார்டின் மெமரியைச் சார்ந்தது. 4 ஜிபி கார்டில் அதை நடுத்தரமாக வைத்தால் காட்சி அழகு கெடாது. தடை பிராசசரில் இருந்தால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை. கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் போன்றவற்றைக் குறைக்க வேண்டும்.

எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது

தமிழ்நாட்டில் பழைய கம்ப்யூட்டர் உறுப்புகளின் பெரிய சந்தை சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. விருத்தாசலம் வழியாக எழும்பூர் செல்லும் ரயிலில் போய் ஒரே நாளில் வாங்கித் திரும்பலாம். செகண்ட் ஹேண்ட் பொருளைக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. கார்டு என்றால் ஜிபியு-இசட்டில் பெயரைப் பார்த்து, பதினைந்து நிமிடமாவது ஒரு 3டி கேமை ஓட்ட வேண்டும். டிஸ்க் என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அதன் ஆரோக்கியத்தையும் ஓடிய மணி நேரத்தையும் பார்க்க வேண்டும். ராம் என்றால் இரண்டு துண்டையும் மாட்டி, முழு அளவும் காட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். சோதனை வாரண்டி எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது. எஸ்எஸ்டியையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மட்டும் நிறுவன வாரண்டியோடு புதிதாக வாங்குவது மேல். அவற்றில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலையையே ஒப்பிட வேண்டும்.

வரிசையும் எல்லையும்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாமல் படிப்படியாகச் செய்தால் எந்தப் படியிலும் நிறுத்திக்கொள்ளலாம். முதல் படி, தூசி துடைத்து பேஸ்ட் மாற்றுவது. இரண்டாவது, ராமை 8 ஜிபி ஆக்குவது. மூன்றாவது, எஸ்எஸ்டி. நான்காவது, 75 வாட்டுக்குள் ஒரு கார்டு. ஒவ்வொரு படிக்குப் பிறகும் அதே கேமின் அதே இடத்தை ஓட்டி, டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் அடுத்த படி தேவையா என்பது தெரிந்துவிடும். பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருப்பவர் பாதிக்கு மேல் கார்டுக்கும், மீதியில் பெரும் பங்கை எஸ்எஸ்டிக்கும் வைத்து, பிராசசருக்கும் டிடிஆர்3 ராமுக்கும் மிகக் குறைவாகவே செலவிட வேண்டும்.

மதர்போர்டே மாற வேண்டும் என்ற நிலை வந்தால் மேம்பாட்டின் எல்லை வந்துவிட்டது. பழைய சாக்கெட்டுக்கு இன்னொரு மதர்போர்டு தேடுவதைவிட, ஆறு கோர் கொண்ட ஐ5-8400 போன்ற எட்டாம் தலைமுறை அலுவலகக் கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்குவது பயனுள்ளது. விண்டோஸ் 11-உம் டிடிஆர்4-உம் அதில் சேர்ந்தே வரும். ஏற்கெனவே வாங்கிய எஸ்எஸ்டியும், கார்டும், மானிட்டரும், யுபிஎஸ்ஸும் அப்படியே அதற்கு மாறிவிடும். பழைய பெட்டியின் ஹார்டு டிஸ்க்கில் லினக்ஸ் ஏற்றினால் வீட்டில் இன்னொருவர் படிப்பதற்கு அது உதவும்.